பின்னாத்து மீன்

அந்த வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு மழை நின்றுபோனது. பீடோரிலிருந்து சுங்காய்க்குப் போகும் பழைய சாலையில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு மண்பாதை பிரிகிறது. அதில் ஒன்றரை மைல் உள்ளே போனால் இருபத்து நான்கு மலிவு விலை வீடுகள் இரண்டு வரிசையாக நிற்கும். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது, தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டு அங்கே இருந்தவர்களை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். வீடுகளுக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு சிற்றாறு ஓடியது. வரைபடத்தில் அதற்கு ஏதோ மலாய்ப் பெயர். இங்கே எல்லாருக்கும் அது பின்னாறு.

மாசி பிறந்தபோது பின்னாறு முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. கரைச்சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. மரியஜோசப்புக்கு அது நல்ல காலம். தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் மடுக்களில் போய்ச் சேரும். நான்கு முறை வலை வீசினால் வாளி நிறைந்துவிடும். அவருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். மனைவி போன பிறகு மகள் பியாட்ரிஸும் மருமகன் ஐவனும் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பேத்தி ஏஞ்சலா இந்த வீட்டில்தான் பிறந்தாள். நாலரை வயது.

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை அந்த வீட்டில் கோழியும் கிடையாது, ஆடும் கிடையாது. தவக்காலத்தில் இறைச்சி கூடாது என்பதில் மரியஜோசப் பிடிவாதமாக இருந்தார். ஆகவே தினமும் மீன். ஹாருவான் என்கிற விரால் மீன் பெரிதாக விழுந்தால் துண்டு போட்டுப் புளிக்குழம்பு. விரல் நீளத்துச் செலுவாங் மீன்களைக் கட்டைவிரலால் வயிற்றைப் பிதுக்கி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, முள் முறுகும் வரை எண்ணெயில் பொரிப்பார். தலை, வால் எதையும் எடுப்பதில்லை. ஏஞ்சலா அதைக் கெரோப்போக் வறுவல் தின்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துக் கடிப்பாள். தட்டு காலியானால் தாத்தாவின் தட்டுக்குக் கை வரும்.

"எலும்புக்கு நல்லதுலா. தின்னட்டும்" என்பார் மரியஜோசப்.

மிஞ்சிய மீனை வாளியோடு எடுத்துக்கொண்டு வரிசை வீடுகளுக்குப் போவார். இருக்கிறவர்கள் காசு கொடுப்பார்கள். இல்லாதவர்கள் வெண்டைக்காயோ, பப்பாளியோ கொடுப்பார்கள். கடைசி வீட்டு வீரம்மாவின் மகள் பிரமிளாவுக்கு ஆறாம் மாதம். அவளுக்கென்று ஹாருவான் ஒன்றைத் தனியாக வாழை இலையில் சுற்றி வைப்பார். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஹாருவானைப்போல எதுவும் இல்லை என்பது இங்கே தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

ஏஞ்சலாவுக்கு வயிற்றுவலி வந்தது தவக்காலத்துக்கு முன்பே. முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள், நான்கு நாள் வெளிக்குப் போகமாட்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பியாட்ரிஸ் பீடோரில் ஒரு கொய்யாப்பழக் கொட்டகையில் தரம்பிரித்துப் பெட்டி கட்டும் வேலை செய்தாள். அரைநாள் விடுப்புப் போட்டு, டவுன் கிளினிக் ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரண்டாம் முறை போனபோது பிள்ளை வெளுத்திருக்கிறது, ரத்தம் குறைவு என்று சத்து மருந்து கொடுத்தார்கள்.

"கீரை, மீன் எல்லாம் நல்லாக் குடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

பியாட்ரிஸ் அப்படியே செய்தாள்.

பிள்ளை மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தாள். வரிசையில் இருக்கும் ஒன்பது நாய்களின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டவள், நாயைக் கண்டால் விரலை மட்டும் நீட்டினாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் தரையில் விழுந்து கத்தினாள். பாலர் பள்ளி ஆசிரியை, "ஏஞ்சலா முந்தி மாதிரி இல்லையே, வீட்ல ஏதும் சண்டையா?" என்று கேட்டபோது பியாட்ரிஸுக்குக் கோபம்தான் வந்தது.

தவக்காலத்தின் நான்காவது வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மரியஜோசப் வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கிய குச்சிகளை எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிள்ளை விளையாடுகிறாள் என்று இருந்துவிட்டார். சத்தம் நிற்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது ஏஞ்சலா சிமெண்டுத் தரையில் கிடந்தாள். குதிகால் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. கண் மேலே செருகி, வாயோரம் நுரை வழிந்தது.

வீரம்மாவின் மருமகன் வேன் வைத்திருந்தான். பீடோர் வரை அதில். அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு. பியாட்ரிஸ் கொட்டகை ஏப்ரனோடு ஆம்புலன்ஸில் ஏறினாள்.

ஐந்தாம் நாள் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டார். இளவயது மலாய்ப் பெண். பக்கத்தில் புனிதா என்ற தமிழ்த் தாதி, இங்கே சொல்கிற மிஸி, நின்றாள். பியாட்ரிஸ், ஐவன், மரியஜோசப் மூவரும் நாற்காலி போதாமல் நின்றுகொண்டே கேட்டார்கள்.

டாக்டர் மலாயில் மெதுவாகச் சொன்னார். பிள்ளையின் ரத்தத்தில் பிளம்பம் இருக்கிறது. மிக அதிகமாக இருக்கிறது.

"பிளம்பம்னா?" என்று பியாட்ரிஸ் மிஸியைப் பார்த்தாள்.

"காரீயம்க்கா. தீமா ஹீத்தாம்னு சொல்வாங்கல்ல."

"தீமாவா?" மரியஜோசப் முன்னால் வந்தார். "எங்க அப்பா லம்பத்துல மண்ணு தோண்டி தீமா அலசுனவரும்மா. இந்த ஈப்போவே தீமாவுல கட்டுனதுதான. அது ஒண்ணும் செய்யாதே."

"அது வெள்ளீயம் அங்கிள். இது வேற, விஷம்" என்றாள் புனிதா. "கார் பெட்ரி, பழைய பெயிண்ட் இதுலல்லாம் இருக்கும். அஞ்சுக்கு மேல போனாலே நாங்க கவனிப்போம். பாப்பாவுக்கு எம்பத்தொண்ணு."

பக்கத்து அறையில் ஒரு குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது.

டாக்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். வீட்டில் சுவர் உரிகிறதா? நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா? என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்? என்ன சாப்பிடுகிறாள்?

"மீனு" என்றாள் பியாட்ரிஸ். "ஆத்து மீனு. அப்பா புடிக்கிறது."

"எவ்வளவு நாளுக்கு ஒருமுறை?"

"தெனமும்."

டாக்டரின் பேனா நின்றது. முள்ளோடு சாப்பிடுவாளா, தலையோடு சாப்பிடுவாளா என்று கேட்டார். காரீயம் எலும்பில்தான் போய்த் தங்கும் என்றார். பியாட்ரிஸ் அப்பாவைப் பார்க்காமல் தலையசைத்தாள்.

கடைசியாகப் பெற்றோர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். பியாட்ரிஸ் கொய்யாக் கொட்டகையைச் சொன்னாள். ஐவன், "ஸ்தோர்ல. சாமான் ஏத்தி எறக்கற வேல" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கே ஐவனுக்கும் பியாட்ரிஸுக்கும் ரத்தம் எடுத்தார்கள். மரியஜோசப் கையை நீட்ட மறுத்துவிட்டார். "கெழவனுக்கு எதுக்கு? பிள்ளையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் சுகாதாரத்துறையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பியாட்ரிஸ் ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு இருந்தாள். மரியஜோசப்பும் ஐவனும்தான் வீட்டில். வந்தவர்கள் குளிர்பெட்டியைத் திறந்து, உறைந்து கிடந்த மீன் பொட்டலங்களை எடுத்தார்கள். மரியஜோசப் தானாகவே எது எந்த மடுவில் பிடித்தது, எது என்றைக்குப் பிடித்தது என்று சொன்னார். அவர்களை ஆற்றுக்கும் கூட்டிப்போனார். ஒரு வீச்சு வீசி, விழுந்ததை அவர்களுடைய பிளாஸ்டிக் பையில் போட்டார். சேற்றையும் ஒரு போத்தலில் அள்ளிக்கொண்டார்கள்.

திரும்பி வந்தபோது அவர்களில் ஒருவர் பின்கட்டில் கொடியில் தொங்கிய நீலச் சட்டையைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு கறுத்தது. யார் சட்டை என்று கேட்டார்.

"என்னோடது" என்றான் ஐவன்.

"எங்கே வேலை?"

"ஸ்தோர்ல."

"என்ன ஸ்தோர்?"

"பெசி பூரோக். பழைய இரும்பு."

அவர் எழுதிக்கொண்டார். பஞ்சை ஒரு சின்னப் பையில் போட்டு மூடினார். போகும்போது, முடிவு வரும்வரை ஆற்று மீனை யாரும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் மண்பாதையில் மறைந்ததும் மரியஜோசப் சமையல்கட்டுக்குப் போனார். தேங்காய் வெட்டும் பாராங்கோடு வந்தார். வலையைக் கொடியிலிருந்து இழுத்துத் தரையில் போட்டு, குந்தி உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தார். ஈயக் குண்டுகள் கழன்று சிமெண்டில் உருண்டன. அவர் அவற்றைப் பார்த்தார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"இதுவுமா விஷம்?" என்று கேட்டார். பிறகு மறுபடியும் வெட்டினார். "நாந்தான் குடுத்தேன் மாப்ள. வாயில வச்சு ஊட்டி ஊட்டி நாந்தான் குடுத்தேன். போதும்னு எழுந்திரிச்சவள உக்கார வச்சுக் குடுத்தேன். சேசுவே, எம் புள்ளய நானே..."

ஐவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். பத்து நாளாக அவன் மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தால் பிள்ளையின் கட்டிலருகே வராமல் கதவோரமாகவே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். பியாட்ரிஸ் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதையெல்லாம் ஐவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"மாமா, நிப்பாட்டுங்க" என்றான்.

அவர் நிறுத்தவில்லை.

"மாமா. நீங்க இல்ல. நாந்தான்."

பாராங் நின்றது.

ஐவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். "நான் வேல செய்யிறது இரும்பு ஸ்தோர் இல்ல மாமா. பெட்ரி ஒடைக்கிற கிலாங், பட்டற. மேல, செம்பனைக்குள்ள ரெண்டு மைல் தள்ளி. போர்டு கெடையாது, லைசன் கெடையாது. கார் பெட்ரி, லோரி பெட்ரி எல்லாம் வரும். கோடாலியால பொளந்து, உள்ள இருக்கறத எடுத்து உருக்கிக் கட்டியா ஊத்துவோம். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மொதலாளி தவுக்கே சொல்லியிருக்கான்."

"ஸ்தோர்னுதான சொன்ன."

"பொய்தான் சொன்னேன். செம்பனக் கொல வெட்டி வெட்டி இந்தத் தோளு போனதிலருந்து யாரும் வேல குடுக்கல. ஒங்களுக்கே தெரியும். பத்து மாசமா அங்கதான் போறேன்."

"அதுக்கும் மீனுக்கும்..."

"பெட்ரி தண்ணி ஒரு குழியில எறங்கும் மாமா. அந்தக் குழிக்கு அடியில ஒரு கொழா. அது லோங்கான்ல விழும். லோங்கான் எங்க போவுது?"

மரியஜோசப்புக்கு அந்தப் பக்கத்து ஒவ்வொரு வாய்க்காலும் தெரியும். அந்த லோங்கானும் பின்னாற்றில்தான் விழுந்தது.

"எனக்கு அப்பவே தெரியும். ஆனா ஆறு ஓடுதேன்னு நெனச்சேன். ஓடற தண்ணி கொண்டுகிட்டுப் போயிரும், நம்ம வீட்டுக்கா வரப்போவுதுன்னு நெனச்சேன். நானுந்தான தின்னேன்."

மரியஜோசப்புக்கு அப்பாடா என்று இருந்தது. நான் மட்டும் இல்லை. மறுகணமே அந்த அப்பாடாவை நினைத்து அவருக்கே உடம்பு கூசியது. மருமகனை அடிக்கக் கை எழுந்தது. கையில் பாராங் இருப்பதைப் பார்த்ததும் அதைத் தூர வைத்தார்.

வெயில் கூரைத் தகரத்தில் படபடவென்று வெடித்தது.

"மோட்டார எடு" என்றார் மரியஜோசப் கடைசியில். "அவகிட்டப் போய் நீயே சொல்லு. நானும் வாரேன்."

அறுபது கிலோமீட்டர் தூரமும் அவர் மருமகனுக்குப் பின்னால் உட்கார்ந்து போனார்.

நாலரை மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். ஏஞ்சலாவுக்குக் காரீயத்தை இறக்கும் ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். அந்த ஊசி தொடையில் போடுவது. போடும்போது மூன்று பேர் பிடிக்கவேண்டும். பியாட்ரிஸ் கட்டிலோரம் தலையை வைத்துச் சாய்ந்திருந்தாள். ஐவன் அவளை வெளியே மாடிப்படிக்குக் கூப்பிட்டான். மரியஜோசப் நான்கு படி கீழே நின்றுகொண்டார்.

ஐவன் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். படியில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவன் நிறுத்தி, அவர்கள் போன பிறகு தொடர்ந்தான்.

"கொழா எங்க விழுதுன்னு தெரியும்" என்றாள் அவள்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க."

அவன் தலை குனிந்தான்.

"அவ ஓடிவந்து ஒங்க சட்டைய மோந்து பாப்பா. அப்பா வாசம்னு சொல்வா. அப்பவும் தெரியும்."

"பியா, அந்தத் தூசி இப்பிடிப் பண்ணும்னு சத்தியமா..."

"சத்தியம் பண்ணாதீங்க." அவள் குரல் உயரவில்லை. "டாக்டரு கேட்டாங்க. அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். இன்னைக்கு வந்த ஆளும் கேட்டிருப்பாரு. அவருகிட்டயும் ஸ்தோர்னுதான சொன்னீங்க?"

"சொன்னா வேல போயிரும். அங்க நம்ம ஆளுங்க எட்டுப்பேரு இருக்காங்க. தவுக்கே சும்மா வுடமாட்டான்."

பியாட்ரிஸ் அவனைப் பார்த்தாள். பிறகு நான்கு படி கீழே நின்ற அப்பாவைப் பார்த்தாள். பத்து நாளில் அவர் தோள் எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது.

"இவரு செத்துருவாரோன்னு நான் பயந்தேன். ஆனாலும் பேசல. கோவத்துல பேசாம இருந்தேன். அதையும் நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க" என்றாள். "உள்ள போங்க. டாக்டரு இன்னும் போகல. எடம், பேரு, ஃபோன் நம்பரு எல்லாத்தையும் சொல்லுங்க. சொல்லிட்டு எங்க வேணும்னாலும் போங்க. இப்ப எம் முன்னால நிக்காதீங்க."

ஐவன் உள்ளே போனான். பியாட்ரிஸ் படியிறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். அவள் அழவில்லை. அவருடைய முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். நகங்கள் பதிந்தன.

அதிகாரிகள் தொழிற்சாலைக்குப் போக மூன்று நாள் ஆயிற்று. ஐவன் முன்னால் மோட்டாரில் போய் வழி காட்டினான். செம்பனைக்குள் அந்தத் தகரக் கொட்டகை அப்படியே நின்றது. உள்ளே உலை இல்லை, லோரி இல்லை, ஆள் இல்லை. பிளந்த பெட்டரி ஓடுகள் மட்டும் கறுப்பாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. குழி பாதி நிரம்பியிருந்தது. குழாயிலிருந்து லோங்கானுக்குச் சொட்டுச் சொட்டாக இன்னும் விழுந்துகொண்டிருந்தது. தவுக்கே தொலைபேசியை எடுக்கவில்லை. அதிகாரிகள் படம் எடுத்தார்கள், வாசலில் சிவப்பு நாடா கட்டினார்கள், விசாரணை நடக்கும் என்றார்கள். ஐவனோடு வேலை செய்த ஒருவன் அன்று சாயங்காலம் பீடோர் பாசாரில் அவனைக் கண்டு, கீழே துப்பிவிட்டுப் போனான்.

மீனைச் சோதித்த முடிவும் வந்தது. சதையில் இருந்ததைவிட முள்ளிலும் தலையிலும் பலமடங்கு. ஆற்றங்கரையில் இரண்டு இடத்தில் மலாயில் அறிவிப்புப் பலகை நட்டார்கள்.

ஏஞ்சலாவின் ரத்தத்தில் எண்பத்தொன்று, நாற்பத்து மூன்றாக இறங்கியது. ஒரு வாரம் கழித்து மறுபடி ஐம்பதுக்கு ஏறியது. எலும்பில் இருப்பது மெல்ல ரத்தத்துக்கு வரும், இறக்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் டாக்டர். வலிப்பு வரவில்லை. வயிற்றுவலி குறைந்தது. ஆனால் பேச்சு திரும்பவில்லை. புனிதா மிஸி படப்புத்தகம் கொண்டுவந்து காட்டினாள். ஏஞ்சலா பசுவைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். வாய் திறந்தது. உள்ளே எதையோ தேடுவதுபோல நாக்கு அசைந்தது. பிறகு புத்தகத்தைத் தூக்கி எறிந்தாள்.

"வந்துருமா மிஸி?" என்று கேட்டாள் பியாட்ரிஸ்.

புனிதா புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். "கொஞ்சம் வரும்க்கா. பயிற்சி குடுப்பாங்க. எவ்வளவு வரும்னு யாராலயும் சொல்ல முடியாது."

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, தோட்டத்துச் சிற்றாலயத்தில் பூசைக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்தபோது, மரியஜோசப் வரிசையின் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் வாளி இல்லை.

வெளியில் நின்றபடியே சொன்னார். நான் கொடுத்த மீனில் விஷம் இருந்தது, பிள்ளைகளுக்கு ரத்தம் பார்க்கவேண்டும், திங்கட்கிழமை பீடோர் அரசாங்கக் கிளினிக்கில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், வாருங்கள். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஏழாவது வீட்டு அர்ச்சுனனும் வலை போடுகிறவர். வாரச் சந்தையில் மீன் விற்றுத்தான் குடும்பம் ஓடியது.

"ஒன் பேத்திக்கு ஒடம்பு சரியில்ல, நான் இல்லேங்கல" என்றார் அர்ச்சுனன். "அதுக்காக வீடு வீடாப் போய் மீனக் கெடுப்பியா? ஒன் மருமவன் ஊத்துன விஷம். அவனப் போய்க் கேளு. எம் பொழப்புல எதுக்குக் கைய வக்கிற?"

"ஒம் பேரனுக்கும் குடுத்தேன் அர்ச்சுனா. மூணு வயசு."

"அவன் நல்லாத்தான் இருக்கான்!"

"இவளும் நல்லாத்தான் இருந்தா."

அர்ச்சுனன் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். மரியஜோசப் பின்னால் இரண்டு அடி போய்ச் சுவரைப் பிடித்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். "திங்கக்கெழம எட்டு மணிக்கு" என்றார்.

கடைசி வீட்டுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அங்கே கதவைத் தட்ட அவருக்குக் கை வரவில்லை. நின்றுகொண்டேயிருந்தார். வீரம்மாவே பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"என்னண்ணே, அங்கயே நிக்கறீங்க? பாப்பா எப்பிடி இருக்கா?"

அவர் சொன்னார். சொல்லும்போதே பிரமிளா கதவுக்குப் பின்னாலிருந்து வந்து நின்றாள். இப்போது ஏழாம் மாதம். இரண்டு கைகளும் வயிற்றின் மேல் இருந்தன.

"அம்மா, நான் நேத்துக்கூட சாப்பிட்டேனே" என்றாள். "குளிர்பெட்டியில இருந்த ஹாருவான. நீங்க குடுத்ததுதான மாமா."

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"மாமா, உள்ள இருக்கற பிள்ளைக்குப் போவுமா? அதுக்கும் போவுமா மாமா? சொல்லுங்க."

மரியஜோசப்புக்குத் தெரியும். டாக்டரிடம் அதைத்தான் முதலில் கேட்டிருந்தார். தாயின் எலும்பில் இருப்பதும் பிள்ளைக்குப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார். பிரமிளா பயந்துபோய்ப் பின்வாங்கினாள்.

"என்னைய அடிங்கம்மா" என்றார். "திட்டுங்க. ஆனா திங்கக்கெழம வந்துருங்க. டாக்டரு ஒன்னயப் பாக்கட்டும். கால்ல விழறேன்."

வீரம்மா அவரைத் தூக்கிவிடவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே பிரமிளா அழுவது வெளியே கேட்டது. அவர் அது ஓயும்வரை அங்கேயே இருந்தார்.

ஈஸ்டருக்கு அந்த வீட்டில் சமைக்கவில்லை. பியாட்ரிஸ் ஈப்போவில் இருந்தாள். ஐவன் கமுந்திங்கில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். தொழிற்பேட்டையில் வேலை தேடுவதாகச் சொல்லிவிட்டிருந்தான். பியாட்ரிஸ் அவன் அழைப்பை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளினிக் வாசலில் மரியஜோசப் மட்டும் நின்றார். எட்டேகாலுக்கு இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வந்தது. பிறகு மோட்டாரில் ஒருவர். எட்டே முக்காலுக்கு வீரம்மா மருமகனின் வேன் வந்து நின்றது. வேனிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். பிரமிளா கடைசியாக இறங்கினாள். அவர் பக்கம் பார்க்காமல் உள்ளே போனாள். ஒன்பது மணி தாண்டி அர்ச்சுனனின் மருமகள், மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமனாருக்குத் தெரியாமல் வந்ததாகச் சொல்லிக்கொண்டே ஓட்டமாக வந்தாள்.

எல்லாருமாகப் பதினேழு பேர். வராதவர்கள் அதைவிட அதிகம்.

ரத்தம் எடுக்கும் அறையில் பிள்ளைகள் மாறி மாறி அலறினார்கள். மரியஜோசப் கதவருகே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அனுப்பினார். எந்த வீட்டில் எத்தனை நாள் மீன் வாங்கினார்கள் என்று மிஸி கேட்டபோது அவர்தான் சொன்னார். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. பிரமிளாவின் முறை வந்தபோது, "பெரிய ஹாருவான். வாரத்துக்கு ரெண்டு" என்றார். பிரமிளா கையை நீட்டி, ஊசி ஏறும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அறை காலியானது. மிஸி வயதான சீனப் பெண். தமிழ் கொஞ்சம் பேசுவாள். போத்தல்களை அடுக்கிக்கொண்டே, கதவருகே இன்னும் நிற்கும் கிழவரைப் பார்த்தாள்.

"பாக்சிக், நீங்களும் செமாக்கா? ரத்தம் பாக்கவா? வாங்க, உக்காருங்க."

அவர் வந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்து, ஆஸ்பத்திரியில் நீட்ட மறுத்த கையை மேசைமேல் வைத்தார். மிஸி ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடித் தட்டினாள். புதிய தாள் ஒன்றை இழுத்துப் பெயரை எழுதினாள்.

"நீங்க யாருகிட்ட மீன் வாங்குனீங்க?"

"வாங்கலம்மா" என்றார் மரியஜோசப். "நாந்தான் புடிச்சேன்."